பக்கத்தில் எழுதாதீர்கள், லிஸ்டில் எழுதுங்கள்: இன்ட்ராநெட் போர்ட்டலில் வெப் பார்ட்டுகள்

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் இன்ட்ராநெட்டில், அதாவது ஊழியர்களுக்கு மட்டுமான உள் இணையதளத்தில், விடுமுறைப் பட்டியல் மூன்று இடங்களில் இருந்தது. மனிதவளத் துறையின் பக்கத்தில் ஒன்று, முகப்புப் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒன்று, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பக்கத்தில் ஒன்று. யாரோ ஒருவர் வேர்டில் அட்டவணையாக அடித்ததை மூன்றிலும் ஒட்டியிருந்தார்கள். ஆண்டின் நடுவில் ஒரு விடுமுறை ஒரு நாள் தள்ளிப் போனது. மனிதவளத் துறை தன் பக்கத்தைத் திருத்திவிட்டது. மற்ற இரண்டும் பழையபடியே நின்றன. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவர் பழைய தேதியை நம்பி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. மறுநாள் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் பார்த்த பக்கத்தில் அந்தத் தேதிதான் இருந்தது. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்தப் போர்ட்டல் ஓடியது ஷேர்பாயிண்டில், இன்ட்ராநெட் கட்டுவதற்கான மைக்ரோசாஃப்டின் மென்பொருளில். ஒரு தகவலை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கங்களில் எல்லாம் காட்டுகிற வசதி அதில் கூடவே வருகிறது. தனியாக விலை கொடுக்க வேண்டாம், ஒரு வரி நிரல் எழுத வேண்டாம். ஆனாலும் அங்கே யாரும் அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு பல இன்ட்ராநெட்டுகளைப் பார்த்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் கோளாறு ஒன்றுதான்: லிஸ்டில், அதாவது தகவலை வரிகளும் நெடுவரிசைகளுமாகச் சேமிக்கும் ஷேர்பாயிண்ட் பட்டியலில், இருக்க வேண்டியது பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

பக்கத்தை நாம் சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கட்டுகிறோம். செய்திக்கு ஒரு பெட்டி, கோப்புகளுக்கு ஒரு பெட்டி, நிகழ்ச்சி நாள்காட்டிக்கு ஒரு பெட்டி. ஷேர்பாயிண்டில் இதற்கு வெப் பார்ட் என்று பெயர். ஜாவா உலகத்துப் போர்ட்டல்களில் போர்ட்லெட் என்பார்கள். கன்ஃப்ளுயன்ஸ் என்ற விக்கி மென்பொருளில் மேக்ரோ. பெயர் எதுவானாலும் இவை இரண்டு சாதி. ஒரு சாதி, உள்ளடக்கத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நீங்கள் தட்டச்சு செய்யும் உரைப் பெட்டியும் ஒட்டும் படமும் அப்படித்தான். இன்னொரு சாதி, தனக்குள் எதையும் வைத்துக்கொள்ளாது. வேறெங்கோ இருப்பதை எடுத்துக் காட்டும் ஜன்னல் அது. லிஸ்ட், கோப்பு நூலகம், செய்தி, நிகழ்ச்சிகள், ஆட்கள் என்று இந்தச் சாதியில்தான் உருப்படிகள் அதிகம். எந்தத் தகவலுக்கு எந்தச் சாதி என்று முதலிலேயே முடிவு செய்யாமல் பக்கத்தைத் திறந்து அடிக்க ஆரம்பித்தால், மேலே சொன்ன விடுமுறைக் கதைதான் நடக்கும்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிது. தகவலில் தேதி இருக்கிறதா, ஆள் பெயர் இருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் காட்ட வேண்டுமா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது லிஸ்டுக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் அறிமுக வாசகம், ஒரு பக்கம் எதற்காக இருக்கிறது என்ற இரண்டு வரி, இவை உரைப் பெட்டியில் இருக்கலாம்.

எங்கிருந்து வந்தது

இந்த யோசனை ஷேர்பாயிண்டை விடக் கொஞ்சம் பழையது. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் டிஜிட்டல் டாஷ்போர்டு என்ற பெயரில், மின்னஞ்சல், நாள்காட்டி, விற்பனை எண்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் பெட்டி பெட்டியாகக் காட்டும் முயற்சியில் இறங்கியது. வெப் பார்ட் என்ற சொல் அங்கிருந்து வந்தது. 2001இல் ஷேர்பாயிண்ட் போர்ட்டல் சர்வர் வெளிவந்தது. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் வெப் பார்ட்டுகள் மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டின் மேல் புதிதாகக் கட்டப்பட்டன. அதே 2003இல் ஜாவா பக்கம் ஜேஎஸ்ஆர் 168 என்ற போர்ட்லெட் தரநிலை வந்தது. ஒரு நிறுவனத்தின் போர்ட்டலுக்கு எழுதிய போர்ட்லெட் இன்னொரு நிறுவனத்தின் போர்ட்டலிலும் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். 2008இல் அதன் அடுத்த பதிப்பான ஜேஎஸ்ஆர் 286 வந்தது.

ஷேர்பாயிண்டில் இன்று இரண்டு தலைமுறைப் பக்கங்கள் உண்டு. பழையது கிளாசிக், புதியது மாடர்ன். மாடர்ன் பக்கங்கள் 2016 முதல் படிப்படியாக வந்தன. கிளாசிக் வெப் பார்ட்டை மாடர்ன் பக்கத்தில் வைக்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் எது ஓடுகிறது என்று தெரியாமல் உதவிக் குறிப்பைப் படித்தால் தலை சுற்றும். அதில் சொல்லும் பொத்தான் உங்கள் திரையில் இருக்கவே இருக்காது. பக்கத்தை எடிட் செய்யும்போது பிரிவுகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் மாடர்ன். மேலே அகலமான ரிப்பன் விரிந்து, பக்கத்தில் வெப் பார்ட் வைக்கும் ஜோன்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கிளாசிக்.

ஒரு லிஸ்ட், மூன்று ஜன்னல்

விடுமுறைப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு லிஸ்ட் உருவாக்குகிறோம். நெடுவரிசைகள் நான்கு போதும்: விடுமுறையின் பெயர், தேதி, எந்தக் கிளைக்குப் பொருந்தும், விருப்ப விடுமுறையா கட்டாய விடுமுறையா. தேதி நெடுவரிசையைக் கட்டாயம் தேதி வகையாகவே வையுங்கள். சாதாரண உரையாக வைத்துவிட்டால் தேதிப்படி வரிசைப்படுத்தவும் முடியாது, வடிகட்டவும் முடியாது. அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அடுத்தது வியூ. ஜன்னல் எதைக் காட்ட வேண்டும் என்று சொல்வது வியூதான். ஷேர்பாயிண்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான். முகப்புப் பக்கத்துக்கு ஒரு வியூ போடுகிறோம்: தேதி இன்றைக்குச் சமமாகவோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும், இன்றிலிருந்து 60 நாளுக்குள் இருக்க வேண்டும், தேதி ஏறுவரிசையில் வர வேண்டும். ஃபில்டர் பெட்டியில் சதுர அடைப்புக்குறிக்குள் டுடே என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது ஒவ்வொரு நாளும் அந்தந்த நாளின் தேதியாக மாறிக்கொள்ளும். அதோடு கூட்டல் 60 சேர்த்தால் அறுபதாவது நாள் கிடைத்துவிடும். கடந்துபோன விடுமுறை தானாகவே முகப்பிலிருந்து மறையும். யாரும் அழிக்க வேண்டாம். மனிதவளப் பக்கத்துக்கு இன்னொரு வியூ, ஆண்டு முழுவதும், கிளை வாரியாகக் குழுவாக்கி. புதியவர்களுக்கான பக்கத்துக்கு மூன்றாவது, கட்டாய விடுமுறைகள் மட்டும்.

இப்போது மூன்று பக்கங்களிலும் லிஸ்ட் வெப் பார்ட்டை வைத்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய வியூவைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. தேதி மாறினால் லிஸ்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், மூன்று பக்கமும் மாறிவிடும்.

இதில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. பலர் இதே வேலையைக் கணக்கிடும் நெடுவரிசையில் செய்யப் பார்ப்பார்கள்: 'தேதி இன்றைவிடப் பெரியதா' என்று ஒரு சூத்திரம். கிளாசிக் லிஸ்ட் அமைப்பு, கணக்கிடும் நெடுவரிசையில் டுடேயை நேராகப் போட விடாது. உடனே யாரோ சொன்ன குறுக்கு வழி கைக்கு வரும். டுடே என்ற பெயரில் ஒரு போலி நெடுவரிசையை உருவாக்கி, சூத்திரத்தில் சேர்த்து, பிறகு அதை அழித்துவிடுவது. முதல் நாள் சரியாக வேலை செய்யும். அடுத்த வாரம் பார்த்தால் எல்லாம் அதே நாளில் உறைந்து நிற்கும். காரணம், கணக்கிடும் நெடுவரிசை அந்த வரி சேமிக்கப்படும்போதுதான் கணக்குப் போடும். தினமும் தானாக எழுந்து போடாது. வியூவின் ஃபில்டரோ பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓடுகிறது. அதனால் 'இன்று' சம்பந்தப்பட்ட எதையும் வியூவில் வையுங்கள்.

டுடேயைப் போலவே மீ என்று ஒன்று உண்டு. 'ஒப்படைக்கப்பட்டவர்' நெடுவரிசை மீக்குச் சமம் என்று ஃபில்டர் போட்டால், பக்கத்தைத் திறப்பவர் யாரோ அவருடைய வேலைகள் மட்டும் தெரியும். ஆயிரம் பேருக்கு ஒரே பக்கம். அவரவர் பார்ப்பது அவரவர் பட்டியலை. இதற்காக நிரலாளரிடம் போய் 'ஒரு டாஷ்போர்டு வேண்டும்' என்று கேட்டு மூன்று மாதம் காத்திருந்த குழுவை எனக்குத் தெரியும். வியூவில் அது ஐந்து நிமிட வேலை.

கிளாசிக் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே லிஸ்ட் வெப் பார்ட்டைப் பக்கத்தில் வைக்கும்போது, அந்த நேரத்து வியூவின் நகல் ஒன்றை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. பிறகு லிஸ்டுக்குப் போய் வியூவை மாற்றினால் பக்கத்தில் மாறாது. 'நான் மாற்றினேனே, ஏன் வரவில்லை' என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. வெப் பார்ட்டின் அமைப்புக்குள் போய் வியூவை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது அங்கேயே திருத்த வேண்டும். இதில் தகவல் நகலாவதில்லை, காட்டும் விதம் மட்டும்தான் நகலாகிறது. மாடர்னில் இந்தத் தொல்லை இல்லை. வெப் பார்ட் வியூவையே சுட்டிக்கொண்டிருக்கும்.

5000 என்ற எண்

விடுமுறைப் பட்டியலுக்கு இது வராது. உதவி மையத்துப் புகார்கள், விலைப்பட்டியல் கோப்புகள் போன்ற லிஸ்டுகளுக்கு ஒருநாள் வரும். நேற்று வரை தெரிந்த வெப் பார்ட் இன்று காலை 'வரம்பைத் தாண்டிவிட்டது' என்ற பிழைச் செய்தியைக் காட்டும்.

லிஸ்டில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு வியூ தொடக்கூடிய வரிகளுக்குத்தான் 5000 என்ற எல்லை. இந்த எண் 2010 பதிப்பில் வந்தது. காரணம் பின்னால் இருக்கும் தரவுத்தளத்தில் இருக்கிறது. லிஸ்டுகள் நம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தாலும், எஸ்க்யூஎல் சர்வரில் அவற்றின் வரிகள் பெரும்பாலும் ஒரே பெரிய டேபிளில்தான் கிடக்கின்றன. ஒரு கேள்வி கிட்டத்தட்ட 5000 வரிகளுக்கு மேல் பூட்டுப் போட முயன்றால், எஸ்க்யூஎல் சர்வர் தனித்தனிப் பூட்டுகளை விட்டுவிட்டு டேபிள் முழுவதையும் பூட்டிவிடும். அப்போது பக்கத்துத் துறையின் லிஸ்டைத் திறப்பவரும் காத்திருக்க வேண்டும். உங்கள் ஒரு வெப் பார்ட்டால் மற்றவர்கள் நின்றுவிடக் கூடாது என்றுதான் அந்த எல்லை.

தீர்வு, அதிகம் வடிகட்டும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போடுவது. எல்லா வரிகளையும் புரட்டாமல் வேண்டியதை நேராக எடுக்க உதவும் அகரவரிசைக் குறிப்பு மாதிரி அது. ஒரு லிஸ்டில் 20 இண்டெக்ஸ் வரை போடலாம். வியூவின் ஃபில்டரில் இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசையை முதலில் வைக்க வேண்டும். அந்த முதல் வடிகட்டலிலேயே 5000க்குக் குறைவாக வரிகள் வர வேண்டும். 'நிலை: திறந்திருக்கிறது' என்பது நல்ல முதல் ஃபில்டர். எந்த நேரத்திலும் திறந்திருக்கும் புகார்கள் சில நூறுதான் இருக்கும். 'ஆண்டு: இந்த ஆண்டு' என்பது பெரிய அலுவலகங்களில் போதாமல் போகலாம். லிஸ்ட் சின்னதாக இருக்கும்போதே இண்டெக்ஸ் போட்டுவிடுவது நல்லது, எல்லையைத் தாண்டிய பிறகு போடுவது சிரமம்.

ஜன்னலோடு ஜன்னலை இணைப்பது

கூடவே வரும் வசதிகளில் அதிகம் பேர் அறியாதது இது. ஒரு பக்கத்தில் இரண்டு வெப் பார்ட்டுகளை வைத்து, ஒன்றில் தேர்ந்தெடுப்பதற்கு ஏற்ப மற்றதை வடிகட்டலாம். இடது பக்கம் துறைகளின் லிஸ்ட். வலது பக்கம் விண்ணப்பப் படிவங்கள் இருக்கும் நூலகம். கணக்குத் துறையைச் சொடுக்கினால் வலது பக்கம் கணக்குத் துறையின் படிவங்கள் மட்டும் நிற்கும்.

கிளாசிக்கில் இது வெப் பார்ட் கனெக்‌ஷன் என்ற பெயரில் எடிட் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. மாடர்னில் லிஸ்ட் அல்லது நூலக வெப் பார்ட்டின் அமைப்புப் பலகையில் டைனமிக் ஃபில்டரிங் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று கேள்விகள் கேட்கும்: இங்கே எந்த நெடுவரிசையை வடிகட்ட வேண்டும், எந்த லிஸ்டைப் பார்த்து வடிகட்ட வேண்டும், அந்த லிஸ்டில் எந்த நெடுவரிசையின் மதிப்பை எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சொல் ஒன்றாக இருக்க வேண்டும். லிஸ்டில் 'கணக்குத் துறை' என்றும் நூலகத்தில் 'கணக்கு' என்றும் இருந்தால் ஒன்றும் வராது. அதனால் துறைப் பெயரை இரண்டு இடத்திலும் கையால் அடிக்க விடாமல், கொடுத்த பெயர்களில் ஒன்றை மட்டும் எடுக்க விடும் தேர்வு நெடுவரிசையாக வையுங்கள்.

துறைக்கு ஒரு பக்கம் என்று 14 பக்கங்கள் வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்த இடத்தில், இதே ஏற்பாட்டை ஒரு பக்கத்தில் செய்துகாட்டினோம். அங்கே பக்கங்களைப் பராமரித்த அம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "அப்ப மத்த பதிமூணையும் அழிச்சிடலாமா சார்?" அழித்துவிட்டோம்.

பல தளங்களிலிருந்து திரட்டும்போது

லிஸ்ட் வெப் பார்ட் தான் இருக்கும் தளத்துக்குள்தான் பார்க்கும். எல்லாத் துறைகளின் தளங்களிலிருந்தும் புதிய கோப்புகளையோ செய்திகளையோ ஒரே பெட்டியில் காட்ட வேண்டும் என்றால் திரட்டும் வெப் பார்ட்டுகள் வேண்டும். கிளாசிக்கில் இரண்டு இருந்தன. 2007இல் வந்த கன்டென்ட் குவெரி வெப் பார்ட் தரவுத்தளத்தையே நேராகக் கேட்கும், ஒரு மூலத் தளமும் அதன் கிளைத் தளங்களும் சேர்ந்த சைட் கலெக்‌ஷனுக்கு வெளியே போகாது. 2013இல் வந்த கன்டென்ட் சர்ச் வெப் பார்ட் தேடல் இண்டெக்ஸைக் கேட்கும், எல்லாத் தளங்களையும் பார்க்கும். மாடர்னில் ஹைலைட்டட் கன்டென்ட் என்ற ஒன்று இரண்டையும் ஓரளவு சேர்த்துச் செய்கிறது.

தேடலை நம்பும் பெட்டியில் ஒரு தாமதம் உண்டு. நீங்கள் கோப்பை ஏற்றியதும் அது வராது. தேடல் அந்தக் கோப்பைப் பார்த்து இண்டெக்ஸில் சேர்த்த பிறகுதான் வரும். கையேடுகள், வழிகாட்டிகள் என்றால் பரவாயில்லை. 'இன்று மாலை நான்கு மணிக்கு சர்வர் நிறுத்தப்படும்' என்ற அறிவிப்பை இதில் நம்பி வைக்காதீர்கள். அதற்குத் தளத்துக்குள்ளேயே ஒரு லிஸ்ட், அதை நேராகக் காட்டும் ஒரு ஜன்னல்.

கன்ஃப்ளுயன்ஸ் வைத்திருப்பவர்களும் இதையே வேறு விதமாகச் செய்யலாம். ஒவ்வொரு திட்டப் பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர், நிலை, முடிவுத் தேதி என்று ஒரு சின்ன அட்டவணையை பேஜ் பிராபர்ட்டீஸ் மேக்ரோவுக்குள் வைத்து, பக்கத்துக்கு ஒரு லேபிள் ஒட்டிவிட வேண்டும். இன்னொரு பக்கத்தில் பேஜ் பிராபர்ட்டீஸ் ரிப்போர்ட் மேக்ரோ அந்த லேபிள் உள்ள பக்கங்களை எல்லாம் தேடி ஒரே அட்டவணையாக்கித் தரும். வாராந்திர நிலை அறிக்கைக்காக ஒவ்வொருவரையும் கேட்டு எக்செலில் அடிப்பவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். ஜாவா உலகத்து லைஃப்ரே போர்ட்டலில் அசெட் பப்ளிஷர் என்ற போர்ட்லெட் இதே இனம்.

எனக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியலை

இன்ட்ராநெட் வேலையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்று: பக்கத்தைக் கட்டுபவருக்கு எல்லா அனுமதியும் இருக்கிறது, படிப்பவருக்கு இல்லை.

வெப் பார்ட் யாருக்கும் அனுமதி தராது. ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் லிஸ்டைப் பார்க்க யாருக்கு உரிமை இருக்கிறதோ அவருக்கு மட்டுமே அது எதையாவது காட்டும். லிஸ்டுக்குத் தனி அனுமதி போட்டிருந்தால், படிப்பவருக்குப் பெட்டி காலியாகத் தெரியும் அல்லது பிழை வரும். முகப்புப் படத்தை ஒரு குழுவின் தனி நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்தால், அந்தக் குழுவுக்கு மட்டும் படம் தெரியும். மற்றவர்களுக்கு உடைந்த படக்குறி. நூலகத்தில் வரைவுப் பதிப்பு முறை இருந்தால், வெளியிடாத கோப்பு திருத்துபவர்களுக்கு மட்டுமே தெரியும்படி இருக்கலாம். பக்கத்துக்கும் அதே கதைதான். வரைவாகச் சேமித்துவிட்டு பப்ளிஷ் அழுத்த மறந்தால், நீங்கள் புதியதைப் பார்ப்பீர்கள், மற்ற எல்லோரும் பழையதைப் பார்ப்பார்கள். பதிப்பு எண் 3.1 என்று தசமத்தில் நின்றால் இன்னும் வெளியாகவில்லை, 4.0 ஆனால்தான் வெளியானது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. மாடர்ன் வெப் பார்ட்டுகள் சிலவற்றில் ஆடியன்ஸ் டார்கெட்டிங் உண்டு. இந்த இணைப்பை மேலாளர்களுக்கு மட்டும் காட்டு, இந்தச் செய்தியை விற்பனைக் குழுவுக்கு மட்டும் காட்டு என்று சொல்லலாம். அருமையான வசதி, முகப்பில் அவரவருக்குத் தேவையானது மட்டும் நிற்கும். ஆனால் அது பூட்டு இல்லை, திரைச்சீலை. அந்தக் கோப்புக்கு எல்லோருக்கும் படிக்கும் அனுமதி இருந்தால், முகப்பில் மறைத்தாலும் தேடலில் வரும், நேர் இணைப்பில் திறக்கும். சம்பள அமைப்புக் கோப்பை டார்கெட்டிங்கை நம்பி மறைத்துவைத்த ஒருவரை நான் பதறிப்போய் பார்த்திருக்கிறேன். தேடல் பெட்டியில் 'சம்பளம்' என்று அடித்ததும் முதல் முடிவாக வந்து நின்றது. ரகசியம் என்றால் நூலகத்தின் அனுமதியில் பூட்டுங்கள்.

சோதிக்க ஒரே வழி, எந்தத் தனி உரிமையும் இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றில் நுழைந்து பார்ப்பது. அப்படி ஒரு கணக்கைத் தகவல் தொழில்நுட்பத் துறையிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரின் திரையிலாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையோடு கைபேசியிலும் பாருங்கள். மூன்று நெடுவரிசையாக அழகாக வைத்தது அங்கே ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கப்படும். வலது ஓரத்தில் வைத்த முக்கிய அறிவிப்பு அடியில் போய்விடும்.

மூடுவதும் நீக்குவதும்

கிளாசிக் பக்கத்தில் வெப் பார்ட்டின் மெனுவில் குளோஸ், டிலீட் என்று இரண்டு இருக்கும். குளோஸ் செய்தால் பார்வையிலிருந்துதான் போகும், பக்கத்தின் பதிவில் அப்படியே இருக்கும். அடுத்து வரும் ஆள் அது இல்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்று வைப்பார். அவருக்குப் பின் வருபவரும் அப்படியே. பக்க முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, ஆங்கிலத்தில் கன்டென்ட்ஸ் என்று அடித்து, சமக்குறியும் 1ம் சேர்த்துத் திறந்தால் பராமரிப்புப் பக்கம் வரும். பக்கத்தில் உள்ள எல்லா வெப் பார்ட்டுகளும், மூடியவை உட்பட, அங்கே வரிசையாக நிற்கும். நான் ஒருமுறை திறந்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தவை ஐந்து, மூடிக் கிடந்தவை ஒன்பது. ஒரு வெப் பார்ட் கெட்டுப்போய்ப் பக்கமே திறக்காமல் அடம்பிடிக்கும்போதும் காப்பாற்றுவது இதே பராமரிப்புப் பக்கம்தான்.

ஸ்கிரிப்ட் ஆசை

கூடவே வரும் வெப் பார்ட்டுகளால் எல்லாம் முடியாது என்பது உண்மை. அந்த இடத்தில் பலர் செய்தது, கன்டென்ட் எடிட்டர் அல்லது ஸ்கிரிப்ட் எடிட்டர் வெப் பார்ட்டுக்குள் ஜாவாஸ்கிரிப்டைத் திணிப்பது. தலைப்பை மறைக்க நாலு வரி, வரிக்கு வண்ணம் கொடுக்கப் பத்து வரி. அந்த நிரல் பக்கத்தின் உள்ளமைப்பை நம்பி எழுதப்பட்டது. உள்ளமைப்பு ஒரு புதுப்பிப்பில் மாறினால் அது நின்றுவிடும். எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பெட்டிக்குள் நிரல் இருப்பதே யாருக்கும் தெரியாது. மாடர்ன் பக்கங்களில் ஸ்கிரிப்ட் எடிட்டரே இல்லை. எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது. வரிக்கு வண்ணம் வேண்டுமென்றால் லிஸ்டிலேயே வடிவமைப்பு வசதி இருக்கிறது.

வெளித்தளம் எதையாவது பக்கத்துக்குள் காட்ட எம்பெட் வெப் பார்ட் உண்டு. அது வெற்றுப் பெட்டியாக நின்றால் இரண்டு இடத்தில் பாருங்கள். உங்கள் தள நிர்வாகி அந்த முகவரியை அனுமதித்திருக்கிறாரா என்பது ஒன்று. அந்த வெளித்தளம் தன்னை வேறொரு பக்கத்துக்குள் காட்ட விடுகிறதா என்பது இன்னொன்று. பாதுகாப்புக்காக மறுக்கும் தளங்கள் பல.

நிஜமாகவே தனி வெப் பார்ட் தேவைப்பட்டால், 2017 முதல் இருக்கும் ஷேர்பாயிண்ட் ஃபிரேம்வொர்க்கில் முறையாக எழுத வேண்டும். அதற்கு முன் இருந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்ட கதையை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். 2007இல் நிரலைச் சர்வரிலேயே நிறுவினார்கள். 2010இல் நிரலை ஒரு தளத்துக்குள் மட்டும் அடைத்து ஓடவிடும் சாண்ட்பாக்ஸ் வந்தது, 2013இல் நிரலைத் தனிச் செயலியாக வைக்கும் ஆப் முறை வந்தது. ஒவ்வொரு முறையும் முந்தையதில் எழுதியவர்கள் மறுபடி எழுத வேண்டியிருந்தது. கூடவே வரும் லிஸ்டும் வியூவும் இத்தனை பதிப்புகளைத் தாண்டியும் நிற்கின்றன.

ஷேர்பாயிண்ட் சர்வரின் 2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஆதரவுக் கெடு 2026 ஜூலை 14. அந்தப் பதிப்புகளிலிருந்து இடம் மாறும் வேலையில் நான் முதலில் செய்வது, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, எந்தப் பெட்டியில் தகவல் நேரடியாக அடிக்கப்பட்டிருக்கிறது, எது லிஸ்டைக் காட்டுகிறது, எதில் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று மூன்று நெடுவரிசையில் குறிப்பது. லிஸ்டைக் காட்டும் பெட்டிகளுக்கு லிஸ்டை நகர்த்திவிட்டு புதிய ஜன்னல் வைத்தால் போதும். ஸ்கிரிப்ட் பெட்டிகளுக்கு, அது என்ன செய்தது என்று நினைவிருக்கும் ஒருவரைத் தேட வேண்டும். நேரடியாக அடிக்கப்பட்டவற்றை மட்டும் அப்படியே நகர்த்துவதில்லை. துறைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாக 'இது இப்போதும் சரியா' என்று கேட்டுக் கேட்டு, சரி என்று சொல்வதை ஒரு லிஸ்டில் ஏற்றுகிறேன்.